பீலிக்கரைச் சாமி

எங்கள் வீட்டு அம்மிக் குழவி ஒன்றேகால் வருஷம் சாமியாக இருந்தது. இதைக் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அப்புறம் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காமல் கிடப்பேன். அதனாலேயே யாரிடமும் சொல்வதில்லை. என் சுபாவம் அப்படி. அடுப்பில் பால் வைத்தால் பொங்கிவிடுமோ என்று பயம். பொங்காவிட்டால் திரிந்துவிட்டதோ என்று பயம். இந்தப் பயம் எங்கே பிடித்தது என்று யோசித்துப் பார்த்தால் அந்தக் குழவியில் போய்த்தான் முட்டுகிறது.

குருவிட்டவுக்கு மேலே, ஆற்றை ஒட்டி ஏறிப் போகிற மலையில் எங்கள் தோட்டம். வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. ரப்பருக்கு மவுசு ஏறி, எந்தப் பக்கம் பார்த்தாலும் காடு வெட்டி ரப்பர் வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் ரப்பர்ப் பால் வெட்டுகிற ஆட்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். அவருக்குக் கான் வெட்டுகிற வேலை. மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டி வைக்கிற வேலை அது. எனக்கு ஏழோ எட்டோ வயது. தம்பிக்கு ஆறு மாதம். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவன் என் இடுப்பில்தான்.

எங்களுக்கு வரிசை வீடுகளாக இரண்டு லயம், குடும்பத்துக்கு ஓர் அறை என்று இருபத்துநாலு காம்பரா. அத்தனை பேருக்கும் ஒரே பீலி. லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் ஏறினால் காட்டின் ஓரம். அங்கே ஒரு பாறை இடுக்கில் கசிகிற ஊற்றுக்கு மூங்கிலைப் பிளந்து சொருகி வைத்திருந்தார்கள். மழையானாலும் வெயிலானாலும் அதில் ஒரே கனத்தில், என் கட்டைவிரல் அளவுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். அது நிற்கும் என்று ஒருவரும் நினைத்தது கிடையாது. பானையை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். நிறைந்ததும் சத்தம் மாறும். பேச்சை நிறுத்திவிட்டு எடுப்பார்கள். தம்பிக்கு அந்தத் தண்ணீரைக் கையால் அடிப்பதுதான் விளையாட்டு. அடித்துவிட்டு, யாரோ தன்னை அடித்ததுபோலத் திடுக்கிட்டு, பிறகு சிரிப்பான்.

பீலிக்கு மேலே உச்சிவரைக்கும் காடு. நான் உள்ளே போனதில்லை. அட்டைக்குப் பயம், பாம்புக்குப் பயம், உள்ளே போனால் வெளியே வரும் வழி மாறிவிடும் என்று யாரோ சொன்னதற்குப் பயம். ஓரத்தில், பீலிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய மரம் நின்றது. சிங்கள ஆட்கள் அதை ஹொர என்பார்கள். அதன் காய்க்கு இரண்டு இறக்கை இருக்கும். காற்றடித்தால் சுற்றிச் சுற்றி இறங்கும். அதனால் நாங்கள் பிள்ளைகள் அதைக் காத்தாடி மரம் என்போம். உள்ளே அதே மாதிரி நூறு மரம் இருந்திருக்கும். எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் கங்காணி ஐயா சொன்னார், அந்தக் காட்டை உச்சிவரைக்கும் வெட்டி ரப்பர் வைக்கப் போகிறார்கள் என்று. பொம்பளைகள்தான் கேட்டார்கள்.

"அப்ப பீலிக்குத் தண்ணி?"

"துரைகிட்ட கேட்டுட்டேன். ஆத்துல தண்ணி இல்லையான்னு கேக்குறாரு."

ஆற்றில் தண்ணீர் இருந்தது. மேல்தோட்டத்து லயங்களையெல்லாம் கழுவிக்கொண்டு வந்த தண்ணீர். மாடு குளிப்பாட்டுவார்கள், துணி துவைப்பார்கள், இன்னும் என்னென்னவோ. எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீரைக் கால் கழுவக்கூட எடுத்ததில்லை. அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து தம்பியை என் இடுப்பிலிருந்து வாங்கி, மடியில் போட்டுக்கொண்டு அவன் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு முன்னால் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் வேறொரு தோட்டத்தில் வயிற்றோட்டத்தில் போயிருந்தார்கள். அந்தத் தோட்டத்தில் ஆற்றுத் தண்ணீர்தான்.

மாமாவுக்கு எதிலும் ஒரு விளையாட்டு உண்டு. கணக்கப்பிள்ளையைப்போல நடந்து காட்டுவார். துரையின் நாயைப்போலக் குரைத்து, நிஜ நாயையே ஏமாற்றுவார். அவர்தான் வழி கண்டுபிடித்தார்.

"அக்கா, துரைகிட்ட போய்த் தண்ணி தண்ணின்னா அவருக்கு ஏறாது. சாமின்னு சொன்னா தொப்பியக் கழட்டுவாரு. பங்களாவுக்கு ரோடு போட்டப்ப பாக்கலையா, முனி இருக்குன்னதும் ரோட்டையே வளைச்சிட்டாங்க."

"அங்க முனி இருந்துச்சு. இங்க என்னடா இருக்கு?"

"இருக்கும். ஞாயித்துக்கிழமையிலருந்து இருக்கும்."

அதற்குக் கல் வேண்டியிருந்தது. ஆற்றில் எத்தனையோ கல் கிடந்தன. மாமா அவற்றையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் நேற்றுப் பிறந்த கல்லாட்டம் இருக்கிறது என்றார். சாமி என்றால் பழசாக இருக்க வேண்டும். கறுப்பாக, எண்ணெய் ஊறினதுபோல இருக்க வேண்டும். சொல்லிக்கொண்டே அவர் பார்வை அடுப்பங்கரை மூலைக்குப் போயிற்று. அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"டேய், அத மட்டும் தொடாத. ஊருலருந்து கப்பல்ல கொண்டாந்தது. அத எடுத்துட்டா நான் எதால அரைக்கிறது, ஒன் தலையாலயா?"

"என் தலை மெத்துக்கா. மொளகா நசுங்காது."

அம்மா சிரிக்கவில்லை. அப்பா வாசலில் உட்கார்ந்து பால்வாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "மாட்டிக்கிட்டா பத்துச்சீட்டக் குடுத்துத் தோட்டத்த விட்டே வெரட்டிருவாரு. அப்புறம் ஆத்துத் தண்ணியும் கெடையாது" என்றார். அது போதும் எனக்கு. அந்த வாரம் முழுக்க மூட்டை முடிச்சோடு ரோட்டில் நடப்பதுபோலவே இருந்தது.

ஞாயிறு காலையில் அம்மாவே குழவியை எடுத்துக் கழுவிக் கொடுத்தாள். ஏன் மனம் மாறினாள் என்று தெரியவில்லை. தம்பி அப்போது அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

மாமா குழவியைக் காத்தாடி மரத்து வேரிடுக்கில் முக்கால்வாசி புதைத்து நட்டார். மழு மழுவென்று தேய்ந்த பக்கம் வெளியே தெரிந்தது. எண்ணெய், விபூதி, குங்குமம். மூங்கிலில் ஒரு சூலம், அதன் முனைகளில் எலுமிச்சம்பழம். மரத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி. பாசியை எங்கிருந்தோ சுரண்டிக் கொண்டுவந்து குழவியின் அடியில் ஒட்டினார். தள்ளி நின்று பார்த்தேன். நேற்றுவரை மிளகாய் அரைத்த கல் அப்படியே மாறிப்போயிருந்தது. லயத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரிந்துகொண்டே கும்பிட்டார்கள். முதலில் ஒன்றிரண்டு பேர் வாயை மூடிச் சிரித்தார்கள். கற்பூரம் ஏற்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

துரை வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கங்காணி ஐயாவுக்கு மாமா மூன்று தரம் சொல்லிக் கொடுத்திருந்தார். 'இந்தக் காடு பூராவும் சாமிக் காடுங்க.' அவ்வளவுதான் வசனம். கங்காணி ஐயா அதை நடக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம்.

துரை வந்த அன்று நான் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் தம்பி. துரை முன்னால் வந்தார், பின்னால் கணக்கப்பிள்ளை, அதற்குப் பின்னால் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக ஒரு ஆள். கங்காணி ஐயா தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வசனமும் அதோடு கக்கத்துக்குள் போய்விட்டது.

"சாமி... சாமிங்க தொரைகளே... இருக்குதுங்க..."

துரை குழவியைப் பார்த்தார். மாமா சொன்னபடியே தொப்பியைக் கழற்றினார். எனக்கு மாமாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. பிறகு துரை அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"எந்த மரம்?"

கங்காணி ஐயா கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார். துரை இரண்டு பேரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ. சொல்லு. சாமி எந்த மரம்?"

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் உடனே பதில் சொன்னவள் இல்லை. தெரிந்தாலும் தப்பாகிவிடுமோ என்று வாய் வராது. அன்று வந்தது. கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் காத்தாடி மரத்தைச் சுட்டிக் காட்டி, "இதுதாங்க" என்றேன்.

துரைக்குச் சந்தோஷம். ஏதோ இங்கிலீசில் சொன்னார். சுண்ணாம்புக்காரன் மட்டையைத் தோய்த்து மரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் போட்டான், வெட்டக்கூடாத மரம் என்பதற்கு அடையாளமாக. போகும்போது துரை தம்பியின் கன்னத்தைத் தட்டினார். தம்பி அழுதான்.

சாயந்தரம் லயத்தில் என்னை ஆளாளுக்குக் கொஞ்சினார்கள். 'கங்காணிக்கு வராத தைரியம் புள்ளைக்கு வந்துச்சு' என்றார்கள். வெல்லக்கட்டி கூடக் கிடைத்தது. மாமா வேலையிலிருந்து வந்ததும் என்னை முன்னால் நிறுத்திக்கொண்டார்.

"எங்க, எப்படிக் காட்டுன? செஞ்சு காட்டு."

செய்து காட்டினேன்.

"ஒத்த வெரலாலயா?"

"ஆமா மாமா."

அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். அவர் எப்போதும் சிரிப்பதைவிட அது கொஞ்சம் சின்னச் சிரிப்பு. "சரி விடு. சாமி மரத்தச் சுத்தி எவனும் கோடாலி வைக்கமாட்டான்" என்றார். நான் வெல்லத்தைத் தம்பி நாக்கிலும் கொஞ்சம் தடவினேன்.

மார்கழி முடிவில் மழை விட்டதும் வெட்டுக்காரர்கள் வந்தார்கள். கீழ்க்கிராமத்துச் சிங்கள ஆட்கள். காடு வெட்டுவதில் அவர்களுக்கு மிஞ்சி ஆளில்லை. அவர்களில் மூத்தவர் வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு வந்து குழவியின் முன்னால் நின்றார். "தெய்யன்கே கஹ" என்றார், சாமியின் மரம் என்று. கையெடுத்துக் கும்பிட்டு, காட்டுக்குள் காவல் கேட்டு ஒரு சின்னக் கொப்பை ஒடித்துப் பக்கத்துக் கொடியில் தொங்கவிட்டார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அடுத்து நடந்ததுதான் எங்கள் லயத்தையே ஏமாற்றியது. வெட்டுக்காரர்கள் பீலிக்கு மேலிருந்து வெட்டத் தொடங்கினார்கள். நாள் முழுக்கக் கோடாலிச் சத்தம். ஆனால் ஒரு மரமும் விழவில்லை. சாயந்தரம் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு மரத்திலும் பாதி மட்டும் வெட்டியிருந்தது. வாயைத் திறந்துகொண்டு மரங்கள் அப்படியே நின்றன. மறுநாளும் அப்படி. இன்னும் மேலே, இன்னும் மேலே, எல்லா மரத்திலும் பாதி வெட்டு. மூன்றாம் நாளும் ஒன்றும் விழவில்லை.

"பாத்தியா, கையி வரமாட்டேங்குது அவனுங்களுக்கு" என்றார் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா. "பாதி வெட்டுறான், பயந்துபோய் அடுத்த மரத்துக்குப் போறான். சாமி தடுக்குது."

"எங்கக்கா மொளகா அரைச்ச காரம் சும்மாவா?" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். மாமா கோடாலி ஆட்களில் மூத்தவரிடமே போய் அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் ஏதோ சீண்டிவிட்டு வந்தார். அந்த மனிதர் கோபப்படவில்லையாம். "ஹெட்ட பலன்ன" என்று மட்டும் சொன்னாராம். நாளைக்குப் பார் என்று அர்த்தம். அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மலையில் வேலை செய்து பழகிய ஆட்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனால் வெட்டிய காட்டில் நட்டுப் பழகியவர்கள். காடு வெட்டிப் பழகியவர்கள் இல்லை.

நாலாம் நாள் மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். உச்சியில் இருந்த ஆகப் பெரிய மரத்தை மட்டும் அவர்கள் முழுதாக வெட்டினார்கள். நாலு பேர் மாறி மாறி. அது கொஞ்சம் சாய்ந்து, யோசிப்பதுபோல நின்று, பிறகு கீழே இருந்த மரங்களின்மேல் விழுந்தது. ஏற்கெனவே பாதி வெட்டியிருந்த அந்த மரங்கள் அதற்குக் கீழே உள்ளவற்றின்மேல் விழுந்தன. அவை அதற்கும் கீழே. பாயைச் சுருட்டுவதுபோலக் காடு உச்சியிலிருந்து சுருண்டு இறங்கி வந்தது. சத்தம் முதலில் காலில்தான் தெரிந்தது, அப்புறம்தான் காதில். லயத்து நாய்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடின. நான் தம்பி எங்கே எங்கே என்று கத்திக்கொண்டு நின்றேன். அவன் அம்மாவோடு இருந்தான். அது எனக்குத் தெரியும். இருந்தும் கத்தினேன்.

சத்தம் நின்றபோது மலை இல்லாததுபோல இருந்தது. அந்தப் பக்கம் அவ்வளவு வானம் இருந்தது யாருக்கும் தெரியாது. கீழே ஓரத்தில் காத்தாடி மரம் மட்டும், இடுப்பில் வெள்ளை வளையத்தோடு, சிவப்புத் துணியோடு நின்றது. அதன் பிறகு மேலிருந்து இறக்கைக் காய்கள் இறங்கத் தொடங்கின. விழுந்த மரங்கள் உதறிவிட்ட காய்கள். ஆயிரக்கணக்கில், சுற்றிச் சுற்றி, அவசரமே இல்லாமல். பிள்ளைகள் எல்லோரும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிப் பிடித்தோம். நான் பாவாடையை விரித்து அள்ளினேன். அன்று எங்களுக்குக் கொண்டாட்டம். பெரியவர்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஒரு ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய் ஒரு காயை அவர் தலையில் வைத்தேன். அவர் அதை எடுக்கவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை.

பீலியில் தண்ணீர் நிற்கவில்லை. அது எங்களுக்குப் பெரிய ஆறுதல். 'சாமி நிக்குது, தண்ணியும் விழுது' என்று திருப்திப்பட்டுக்கொண்டார்கள். மாசியில் வெட்டுக் காட்டுக்குத் தீ வைத்தார்கள். ஐந்தாறு நாள் எரிந்தது. சருகுமானும் முள்ளம்பன்றியும் லயத்து வாசலுக்கே ஓடிவந்தன. பல வீட்டில் கறி மணந்தது. தீயின் காந்தலில் காத்தாடி மரத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கருகிப் போயிற்று. அம்மா ஆற்றிலிருந்து எடுத்து வந்த ஒரு கரடுமுரடான கல்லை வைத்து அரைத்துக்கொண்டிருந்தாள். மிளகாய் ஒருபக்கம் விதையாகவும் ஒருபக்கம் தோலாகவும் நிற்கும். அப்பா ஒவ்வொரு வேளையும் பல்லில் மாட்டிய விதையைத் துழாவிக்கொண்டே, "சாமி எப்ப வீட்டுக்கு வரும்?" என்பார். அப்பா செய்கிற ஒரே வேடிக்கை அதுதான்.

வைகாசி மழை வந்தது. மாமா வெட்டிய கான்கள் எல்லாம் ஒரே மழையில் மூடிப் போயின. பீலியில் முதல் தடவையாகச் செம்மண் கரைசல் விழுந்தது. பானையை வைத்தால் பாதி சேறு. மழை விட்டு இரண்டு நாளில் கட்டைவிரல் அளவு தண்ணீர் சுண்டுவிரல் அளவானது. மறுபடி மழை பெய்தால் மறுபடி சிவப்பு. மழை விட்டால் நூல்.

பூசையில் குறை என்றார்கள். சேவல் அறுத்தார்கள். அடுத்த வாரம் கிடாய். மாமாதான் பூசாரி, ஏனென்றால் சாமியைக் கொண்டுவந்தவர் அவர். ஒருநாள் நான் தண்ணீருக்குப் போனபோது அவர் தனியாகக் குழவியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏதோ வேடிக்கை செய்யப் போகிறார் என்று ஒரு அடிக்கட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் கை கூப்பியிருந்தார். "தெரியாம செஞ்சிட்டேன். ஒன்னயக் கேலி பண்ணிட்டேன். எங்கக்கா புள்ளைங்களுக்குத் தண்ணி குடு" என்று குழவியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். எங்கள் வீட்டுக் குழவியைப் பார்த்து. விளையாட்டாகச் செய்தவரே நம்பத் தொடங்கிவிட்டால் அது நிஜச் சாமிதான், கோபமாக இருக்கிற சாமி. அந்தச் சாமியைத் துரைக்குக் காட்டிக் கொடுத்தது என் விரல்.

ஆடிக் காற்றில் காத்தாடி மரம் சாய்ந்தது. அதுவரை அது எப்போதும் நாலு பக்கமும் மரங்கள் சூழ நின்ற மரம். தனியாக நின்று அதற்குப் பழக்கமில்லை. சாய்ந்தபோது வேரோடு பாறையையும் பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது. மூங்கில் பீலி ஒரு பக்கமாகத் தொங்கியது. குழவி மட்டும் புரண்டு, சேற்றில் முகம் குப்புறக் கிடந்தது. மாமா எடுத்துத் துடைத்து நிமிர்த்தி வைத்தார். மரமில்லாமல், வெட்டவெளியில், வெயிலில்.

மார்கழிக்குப் பிறகு பீலியில் சொட்டுக்கூட இல்லை. ஆற்றுக்கு இறங்கினோம். போக வர ஒரு குடத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. காலையில் இரண்டு நடை, சாயந்தரம் இரண்டு நடை. அம்மா பெரட்டுக்குப் போக வேண்டும், அப்பா போக வேண்டும். வீட்டில் சும்மா இருந்தது நான்தான். வாத்தியார் ஒருநாள் ஆளனுப்பிக் கேட்டார். அம்மா, "அவ தண்ணிக்குப் போறா" என்றாள். இரண்டாம் புத்தகத்தில் பாதியில் ஒரு நரிப் படம் இருக்கும். அந்தப் பக்கத்தோடு என் படிப்பு நின்றது. அந்த நரி அப்புறம் என்ன செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தண்ணீரைக் காய்ச்சிக் கொடு என்றார் மருந்துக்கார ஐயா. அம்மா காய்ச்சினாள். ஆனால் தம்பிக்கு ஒன்றே முக்கால் வயது, நடக்கிற பிள்ளை, குடத்தை நான் இறக்கி வைத்ததும் வந்து பழைய நினைப்பில் அந்தத் தண்ணீரைக் கையால் அடிப்பான். அடித்த கையை நக்குவான். நான் எத்தனையோ தடவை கையைப் பிடித்து இழுத்தேன். எல்லாத் தடவையும் இழுத்தேனா என்று தெரியவில்லை. தை மாதத்தில் அவனுக்கு வயிற்றோட்டம் கண்டது. மூன்று நாள். மருந்துக்கார ஐயா வெள்ளையாக ஒரு மருந்தைப் போத்தலில் கொடுத்தார். போத்தலில் முக்கால்வாசி அப்படியே மிச்சமிருந்தது.

அவனைப் புதைத்தது, வெட்டின காட்டின் மேல்பக்கம், புது ரப்பர்க் கன்றுகளுக்கு மேலே. மாமாதான் குழி வெட்டினார். கான் வெட்டிப் பழகிய கை. விளிம்பெல்லாம் நேராக இருந்தது. ஒரு மாதம் கழித்து அவர் ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். போகும்போது அம்மா அவரைப் பார்க்கவில்லை. அவரும் அம்மாவைப் பார்க்கவில்லை. என் தலையைத் தடவி, "ஒன் மேல தப்பில்ல புள்ள" என்றார். நான் ஒன்றும் கேட்காமலே அவர் அதைச் சொன்னது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவர் போன மறுநாள், வேலை விட்டு வரும் வழியில் அம்மா பீலிக்கரைக்கு ஏறினாள். நான் பின்னால் ஓடினேன். குழவி வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அம்மா குனிந்து, அசைத்து, பிடுங்கி எடுத்தாள். மடியில் கட்டிக்கொண்டு இறங்கினாள். வழியில் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். அம்மா நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் கொண்டுவந்த தண்ணீரில் அதைக் கழுவினாள். கழுவக் கழுவக் குங்குமம் வந்துகொண்டே இருந்தது. ஒன்றேகால் வருஷத்துக் குங்குமம். அப்புறம் அம்மியில் வைத்து, மிளகாயும் உப்பும் போட்டு அரைக்க உட்கார்ந்தாள்.

இப்போதே கூரை விழப்போகிறது, அம்மா கண் அவியப் போகிறது என்று நினைத்தேன்.

"அம்மா, வேணாம்மா. சாமிம்மா அது. கோவிச்சுக்கும்மா."

அம்மா அரைப்பதை நிறுத்தவில்லை.

"கல்லுடி இது. ஒன்னயப் பெத்த நாள்லருந்து இதுலதான் அரைக்கிறேன், எனக்குத் தெரியாதா? சாமி மேல இருந்துச்சு. அதத்தான் வெட்டிட்டாங்களே."

நான் யோசித்தேன். அப்படியானால் இத்தனை நாளும் காட்டுக்குள்ளே, எங்களுக்குத் தெரியாமல், நிஜமாகவே ஒரு சாமி இருந்திருக்கிறது. மாமாவுக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் துரைக்கு அதைக் காட்டியிருப்பேனே.

"எந்த மரத்துலம்மா?" என்று கேட்டேன்.

அம்மாவின் கை நின்றது. தலையைத் தூக்கி என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். யார் வீட்டுப் பிள்ளையையோ பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. மறுபடி அரைக்கத் தொடங்கினாள்.

அவளுக்குச் சொல்ல மனமில்லை போலும் என்று நான் வாசலுக்கு வந்தேன். மலை முழுக்கக் கருகிய அடிக்கட்டைகள், நடுநடுவே முழங்கால் உயர ரப்பர்க் கன்றுகள். எதன் அடியில் இருந்திருக்கும் என்று கீழிருந்து ஒவ்வொரு கட்டையாக எண்ணத் தொடங்கினேன்.